பெரிமெனோபாஸும் ஹார்மோன் மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முன்னால் வரும் சில வருடங்கள்தான் பெரிமெனோபாஸ். இந்தக் காலத்தில் ஹார்மோன் மருந்து எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், சீட்டு எழுதி வாங்கி வந்துவிட்டு எப்படிப் போடுவது என்று விழிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். இங்கே உள்ள அளவுகள் பொதுவாக எழுதித் தரப்படுபவை. உங்கள் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் அதற்குக் காரணம் இருக்கலாம். டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

எனக்கு 43 வயது. பீரியட்ஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குள் பெரிமெனோபாஸா?

இருக்கலாம். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேற்கு நாடுகளில் 51. அதற்கு நாலைந்து வருடம் முன்பே ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால் 42, 43 ஒன்றும் சீக்கிரம் இல்லை.

முதல் அடையாளம் தேதி குழம்புவது. 28 நாளுக்கு வந்தது ஒரு மாதம் 23 நாளிலும் அடுத்த மாதம் 34 நாளிலும் வரும். அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் தொடக்கக் கட்டம். இடைவெளி 60 நாளைத் தாண்டினால் பிற்பகுதி. கடைசி மாதவிடாய் முடிந்து 12 மாதம் ஒரு சொட்டுகூடப் படாமல் இருந்தால்தான் மெனோபாஸ்.

தேதி குழம்புவதற்கு முன்பே தூக்கம் கெடுவதும், காரணமில்லாமல் எரிச்சல் வருவதும், பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் மார்பு கனத்து வலிப்பதும் சகஜம். 40 வயதுக்கு முன்னால் மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றால் அது வேறு விஷயம். அதைக் கட்டாயம் பரிசோதித்தே ஆகவேண்டும்.

எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடயால் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

எஃப்எஸ்ஹெச் சினைப்பையைத் தூண்ட மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன்; எஸ்ட்ரடயால் சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரோஜன். 45 வயதுக்கு மேல் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் இந்த டெஸ்ட் தேவையில்லை. இந்த வயதில் சினைப்பை ஒரு வாரம் படுத்துவிடும், அடுத்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். திங்கட்கிழமை எடுத்த எஃப்எஸ்ஹெச் 35 என்றும் மூன்று வாரம் கழித்து எடுத்தது 8 என்றும் வரலாம். இரண்டும் சரியான ரிப்போர்ட்தான். இதை நம்பி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய. 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு தடவை எடுப்பது வழக்கம்.

எச்சில் டெஸ்ட், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் "முழு ஹார்மோன் பேனல்" இவற்றை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள். அவைதான் முடிவை மாற்றும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க: அது டிஎஸ்ஹெச், எஸ்ட்ரடயால் ரிப்போர்ட்டுகளைத் தப்பாகக் காட்டவைக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது. இது நிச்சயம் ஹார்மோன்தானா?

பெரும்பாலும். ஆனால் மூன்று விஷயத்தை ஒதுக்கிவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் என்றால், வியர்த்து விழித்த அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் சேர்ந்திருந்தால் காசநோய் பரிசோதனை. படபடப்பும் கை நடுக்கமும் எடை குறைவும் என்றால் தைராய்டு.

"ஹார்மோன் பேலன்ஸ்" செய்வது என்றால் என்ன?

இந்தச் சொல்லை வைத்துப் பொடி, டீ, விதை உருண்டை எல்லாம் விற்கிறார்கள். உண்மையில் நடப்பது இது: முதலில் குறைவது புரோஜெஸ்டிரோன். கருமுட்டை வெளிவராத மாதங்களில் அது சுரப்பதே இல்லை. எஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகக் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். அது ஒரு நாள் கட்டி கட்டியாகக் கொட்டும். எஸ்ட்ரோஜனோ மெல்லக் குறைவதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. அது விழும் நேரங்களில்தான் உடம்பு குப்பென்று சூடாகிறது.

ஹார்மோன் மருந்தை வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் ஃபேன் நிற்காமல் பார்த்துக்கொள்ளும்; வோல்டேஜ் எகிறினால் அதை அடக்காது. மருந்து எஸ்ட்ரோஜனுக்கு ஒரு தரைமட்டம் போட்டுக்கொடுக்கிறது. உங்கள் சினைப்பை தானாகக் கூட்டிச் சுரக்கும் வாரத்தில் மார்பு வலியும் உப்பசமும் வரத்தான் செய்யும். மருந்து சரியில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஏற்ற இறக்கமே தாங்க முடியாத அளவு இருந்தால், 50 வயதுக்குக் கீழே, புகைபிடிக்காத, ரத்த அழுத்தமும் ஆராவோடு (கண்முன் மின்னல் கோடு போலத் தெரிந்து) வரும் ஒற்றைத்தலைவலியும் இல்லாதவர்களுக்குக் கருத்தடை மாத்திரை வகையைத் தருவதுண்டு. அது சினைப்பையையே அடக்கி வைக்கும்.

சீட்டில் இரண்டு மருந்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று போதாதா?

கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்குப் போதாது. எஸ்ட்ரோஜன்தான் சூட்டையும் தூக்கத்தையும் எலும்பையும் கவனிக்கிறது. புரோஜெஸ்டிரோன் கர்ப்பப்பைச் சுவர் தடித்துப் புற்றாக மாறாமல் காக்கிறது. "எனக்கு ஜெல் மட்டும் போதும், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாவதைப் பாதியில் விடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. ஒன்றிரண்டு மாதம் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஆபத்து.

எஸ்ட்ரோஜன் பக்கம் நம் கடைகளில் கிடைப்பவை: ஓஸ்ட்ரோஜெல் போன்ற 0.06 சதவீத எஸ்ட்ரடயால் ஜெல். புரோகைனோவா போன்ற எஸ்ட்ரடயால் வேலரேட் மாத்திரை, 1 அல்லது 2 மி.கி.; பிரெமரின் என்ற பழைய மாத்திரை. தோலில் ஒட்டும் பேட்ச் வெளிநாட்டில் சாதாரணம், இங்கே தேடித்தான் வாங்கவேண்டும். புரோஜெஸ்டிரோன் பக்கம்: சஸ்டென், நேச்சுரோஜெஸ்ட் போன்ற மைக்ரோனைஸ்டு (மிக நுண்ணிய துகளாக்கிய புரோஜெஸ்டிரோன்) கேப்ஸ்யூல், 100 அல்லது 200 மி.கி.; டுஃபாஸ்டன் 10 மி.கி.; அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் மிரீனா என்ற ஹார்மோன் சாதனம். ஃபெமோஸ்டன் போன்ற அட்டைகளில் இரண்டும் சேர்ந்தே வரும். அதில் வெவ்வேறு நிறத்தில் மாத்திரை இருந்தால் வரிசை மாற்றாமல் போடவேண்டும்.

தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் ஜெல்லோடு மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்ற ஜோடியையே முதலில் கேளுங்கள். தோல் வழியாகப் போகும் எஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தொடாமல் ரத்தத்தில் சேர்வதால், வழக்கமான அளவில் ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டுவதில்லை. மாத்திரையாக விழுங்கினால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை அதிகமுள்ளவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒற்றைத்தலைவலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஜெல்லை எங்கே, எப்படித் தடவுவது?

பம்ப் டப்பாவில் ஒரு அழுத்துக்கு 1.25 கிராம் ஜெல் வரும், அதில் 0.75 மி.கி. எஸ்ட்ரடயால். டியூபாக இருந்தால் 2.5 கிராமில் 1.5 மி.கி., அதாவது இரண்டு பம்ப். புது பம்ப் டப்பாவைத் திறந்ததும் ஜெல் வரும்வரை அழுத்தி, முதலில் முழுதாக வரும் ஒரு பம்ப்பைத் துடைத்துப் போட்டுவிடுங்கள். அதில் அளவு சரியாக இருக்காது.

காலையில் குளித்துத் துவட்டி, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு மேல்கையின் வெளிப்பக்கத்திலோ தொடையின் உள்பக்கத்திலோ தடவவேண்டும். மார்பில் தடவக்கூடாது, முகத்தில் கூடாது, வெட்டுக்காயம், படை உள்ள இடத்தில் கூடாது. தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை. முழங்கையிலிருந்து தோள்வரை மெல்லிய பூச்சாக அகலப் பரப்பினால் போதும். சின்ன இடத்தில் அப்பினால் பாதி மேலேயே காய்ந்து துணியில் போகும். ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு ரவிக்கையோ சுடிதாரோ போடுங்கள். கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், தண்ணீர் எதுவும் படக்கூடாது. கோடையில் இதுதான் அதிகம் தவறும்: குளித்த ஈரமும் வியர்வையும் சேர்ந்து ஜெல் வழிந்துவிடும். வியர்வை அதிகம் என்றால் ராத்திரி படுக்கும் முன் ஃபேனடியில் தடவுங்கள். காலை, இரவு எதுவானாலும் தினமும் ஒரே நேரம். குழந்தைகள் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் தலை சாய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து தோலுக்கு ஹார்மோன் ஒட்டும்.

இன்னொன்று. எப்போதாவது எஸ்ட்ரடயால் டெஸ்ட் எடுக்கச் சொன்னால், ஜெல் தடவிய கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள். ஊசி தோலில் இருக்கும் ஜெல்லையும் இழுத்துக்கொண்டு நம்பமுடியாத எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து அளவைக் குறைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் தடவலாம். அடுத்த வேளைக்கு நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டை அளவு வேண்டாம்.

புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலை எந்தத் தேதியில் போடுவது?

பீரியட்ஸ் இன்னும் அவ்வப்போது வருகிறவர்களுக்குச் சுழற்சி முறைதான்: எஸ்ட்ரோஜன் தினமும், 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 ராத்திரி. ஒழுங்காக பீரியட்ஸ் வருபவர் என்றால் வந்த முதல் நாளிலிருந்து எண்ணி 15-ம் நாள் தொடங்குவது. தேதி தாறுமாறாக உள்ளவர்கள் எண்ணிக்கொண்டே இருக்க முடியாது. ஒவ்வொரு ஆங்கில மாதமும் 1-ம் தேதி முதல் 12-ம் தேதி வரை என்று வைத்துக்கொள்வது எளிது. சமையலறைக் காலண்டரில் அந்தப் பன்னிரண்டு கட்டத்தையும் பேனாவில் வட்டமிட்டு, போட்டதும் குறுக்குக் கோடு இழுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதும் ரத்தம் எப்போது வந்தது என்பதும் ஒரே தாளில் தெரியும். அடுத்த தடவை டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

படுக்கப்போகும்போது, சாப்பாட்டோடு சேர்க்காமல் போடவேண்டும். உணவோடு போட்டால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறித் தலைசுற்றும். இந்த மருந்துக்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு அது வரம். காலையில் போட்டுவிட்டு ஸ்கூட்டி எடுப்பவர்களுக்கு ஆபத்து. சில பிராண்டுகளில் கடலை எண்ணெய் உண்டு, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படியுங்கள்.

எஸ்ட்ரோஜன் அளவு கூடினால் இதுவும் கூட வேண்டிவரும். நாலு பம்ப் வரை போனால் சுழற்சி முறையில் 300 மி.கி. என்பது இப்போதைய நடைமுறை. ஜெல்லை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு இடைவெளியில்லாமல் தினமும் 100 மி.கி. பீரியட்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே இந்தத் தொடர் முறைக்குத் தாவினால் கண்ட நேரத்தில் திட்டுத்திட்டாகப் படும், வேறொன்றும் லாபமில்லை.

போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்றும் தெரியவில்லையே?

அளவு பொதுவாகக் குறைவிலிருந்து தொடங்கும்: ஒரு பம்ப், அல்லது 1 மி.கி. மாத்திரை. உடல்சூடும் வியர்வையும் 2 முதல் 4 வாரத்தில் இறங்கத் தொடங்கும், முழுப்பலன் தெரிய மூன்று மாதம். தூக்கம் சூட்டோடு சேர்ந்தே சரியாகும். மனநிலை மெதுவாக. மூட்டுவலி சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது.

முதல் எட்டு வாரத்தில் மார்பு வலி, குமட்டல், வயிற்று உப்பசம், தலைவலி, கெண்டைக்காலில் சுளுக்குப் பிடிப்பது வரலாம். பெரும்பாலானவை தானாக அடங்கும். மாத்திரையில் குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டோடு போடுங்கள் (எஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும்). தலைவலி தொடர்ந்தால் மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறுவது பலருக்குக் கைகொடுக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்தும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சூடு ஏறினால் அளவைக் கூட்டக் கேளுங்கள். எதையாவது ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றிய பிறகு மறுபடி எட்டு வாரம் பொறுப்பது: இதைக் கடைப்பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு மருந்து என்று மாற்றிக்கொண்டே போனால் எது ஒத்துக்கொண்டது, எது கெடுத்தது என்று ஆறு மாதம் கழித்தும் தெரியாது.

இடையிடையே ரத்தம் படுகிறது. பயப்பட வேண்டுமா?

சுழற்சி முறையில் கேப்ஸ்யூல் முடியும் தறுவாயிலோ முடிந்து சில நாளிலோ ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். அதைத் தவிர மற்ற நாளில் படுவதும் முதல் ஆறு மாதம் வரை, அல்லது அளவு மாற்றிய பின் மூன்று மாதம் வரை, பொறுத்துப் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கேப்ஸ்யூலை எத்தனை ராத்திரி விட்டீர்கள் என்பது. பாதிப் பேருடைய சிக்கல் அந்தக் காலண்டரிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கு மேலும் தொடர்ந்தால் உள்வழி ஸ்கேன் எடுத்துச் சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். தொடர் முறையில் 4 மி.மீ., சுழற்சி முறையில் 7 மி.மீ. தாண்டினால் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) பேச்சு வரும்.

காத்திருக்கக் கூடாதவை: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போய் மயக்கம் வருவது, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு என்றாலும். மருந்து தொடங்கும் முன்பே ரத்தப்போக்கு முறையில்லாமல் இருந்து, வயதும் 45-க்கு மேல் என்றால், சதைப் பரிசோதனை செய்து காரணம் தெரிந்த பிறகுதான் ஹார்மோன். "வயசானா அப்படித்தான் போகும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கும்வரை இருந்துவிடாதீர்கள். மூச்சிரைப்பும் படபடப்பும் ரத்தசோகையிலும் வரும். அதற்கு எஸ்ட்ரோஜன் மருந்தில்லை.

விசேஷத்துக்காக பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி., தினம் மூன்று தடவை போடுவது. அந்த அளவில் அதில் ஒரு பகுதி உடம்பில் எத்தினைல் எஸ்ட்ரடயாலாக மாறுவதால் ரத்தக்கட்டு ஆபத்துள்ளவர்களுக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கி இதோடு சேர்த்துப் போடாதீர்கள்.

கேப்ஸ்யூல் போடும் பன்னிரண்டு நாளும் அழுகையும் எரிச்சலுமாக இருக்கிறது.

சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் அப்படித்தான் செய்யும். பீரியட்ஸுக்கு முன்பு மனம் அதிகம் கெடுகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். வழிகள் உண்டு: அதே கேப்ஸ்யூலை வாய்க்குப் பதில் யோனிக்குள் வைப்பது, டுஃபாஸ்டனுக்கு மாறுவது, மிரீனா வைத்துக்கொள்வது. மிரீனாவில் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உண்டு. மருந்து பெரும்பாலும் கர்ப்பப்பையிலேயே நிற்கும், ரத்தப்போக்கும் குறையும், கருத்தடையும் ஆகும். ஹார்மோன் சிகிச்சைக்குத் துணையாக ஐந்து வருடம் வரும். கூடவே ரத்தப்போக்கும் அதிகமுள்ள பெண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது எங்கள் எண்ணம். கேப்ஸ்யூல் போடும் நாட்களைப் பன்னிரண்டிலிருந்து ஏழாகக் குறைத்துக்கொள்வது மட்டும் வழியில்லை.

தைராய்டு மாத்திரை போடுகிறேன். சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு. எஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் தைராய்டு ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தை அதிகம் செய்யும். தைரோநார்ம், எல்ட்ராக்சின் போடுகிறவர்களுக்குப் பழைய அளவு போதாமல் போய், அசதியும் எடையும் கூடும். "ஹார்மோன் மாத்திரையால் குண்டாகிவிட்டேன்" என்ற புகாரில் சில இதுதான். தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் பார்த்து அளவைச் சரிசெய்யவேண்டும். ஜெல்லில் இந்தத் தொல்லை இல்லை. கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள்.

வலிப்புக்கு லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு எஸ்ட்ரோஜன் அதன் அளவைக் குறைக்கும். ஃபெனிடாயின், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை திருப்பி எஸ்ட்ரோஜனைக் குறைக்கும். எந்த மருந்து எடுத்தாலும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தப் பயம் 2002-ல் அமெரிக்காவில் வெளியான டபிள்யூஹெச்ஐ என்ற பெரிய பெண்கள் நல ஆய்விலிருந்து வருகிறது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது பிரெமரினும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் கூடவில்லை. 45 வயதில் ஜெல் தடவத் தொடங்குபவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

அதற்காக ஆபத்தே இல்லை என்பதும் சரியில்லை. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு மேற்கு நாட்டுப் பெண்களை வைத்துச் சொன்னது: மருந்தே எடுக்காத 1,000 பேரில் 50 முதல் 69 வயதுக்குள் 63 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் சுழற்சி முறையில் எடுத்தால் அது 77 ஆகும், தொடர் முறையில் 83, எஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 68. நம் நாட்டில் அடிப்படை விகிதமே இதைவிடக் குறைவு. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனும் டைட்ரோஜெஸ்டிரோனும் (டுஃபாஸ்டனில் உள்ளது) மற்றவற்றைவிடக் குறைந்த ஆபத்துள்ளவை என்று பிரெஞ்சு ஆய்வுகள் காட்டின. உடல் பருமன் கூட்டும் ஆபத்து இந்த மருந்து கூட்டுவதைவிடப் பெரியது. அதைப் பற்றி யாரும் இவ்வளவு பயப்படுவதில்லை.

2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கைகளில் (மிகக் கடுமையான வகை எச்சரிக்கை) பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் எஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பது பற்றிய எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது.

யார் எடுக்கவே கூடாது?

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ இப்போது ரத்தக்கட்டு உள்ளவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்கள். ரத்த அழுத்தம் 160/100 என்றால் முதலில் அதை இறக்கிவிட்டு வாருங்கள். கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. சர்க்கரைக்கும் தடையில்லை. ஆராவோடு வரும் ஒற்றைத்தலைவலிக்கு மாத்திரை வேண்டாம், ஜெல் போடலாம்.

மருந்தில் இருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது, பார்வை மங்குவது வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நம் ஊரில் இது மிகச் சாதாரணமான கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று பாருங்கள். இரண்டையும் எடுத்திருந்தால் ஆபரேஷன் அன்றே உங்களுக்கு மெனோபாஸ். அவ்வளவு சின்ன வயதில் எஸ்ட்ரோஜன் இல்லாமல் இருப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல் என்பதால், தடை ஏதும் இல்லையென்றால் மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுவரை, சுமாராக 50 வரை, ஹார்மோன் எடுப்பதே பரிந்துரை. கர்ப்பப்பை இல்லாததால் எஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) எடுத்தவர்கள் மட்டும் புரோஜெஸ்டிரோன் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சினைப்பை இருந்தால் பீரியட்ஸ் இல்லாமலேயே பெரிமெனோபாஸ் வரும். சூடும் தூக்கமின்மையும்தான் அடையாளம்.

இந்த மருந்து கருத்தடையும் செய்யுமா?

செய்யாது. மிரீனா மட்டும் விதிவிலக்கு. கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் என்றால் அதன்பின் இரண்டு வருடம், 50-க்குப் பின் என்றால் ஒரு வருடம் பாதுகாப்பு தேவை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உறவின்போது எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு. அதற்கும் ஜெல்தானா?

கையில் தடவும் ஜெல் போதாமல் போகலாம். இதற்கென்று எவலான் போன்ற எஸ்ட்ரியால் கிரீம் உண்டு. அப்ளிகேட்டரில் 0.5 கிராம் எடுத்து இரண்டு மூன்று வாரம் தினமும் ராத்திரி யோனிக்குள் வைத்து, பிறகு வாரம் இரண்டு தடவை. நிறுத்தினால் திரும்ப வரும், எனவே தொடர்ந்து போடுவது. ரத்தத்தில் ஏறும் அளவு மிகக் குறைவு என்பதால் இதற்குத் துணையாகப் புரோஜெஸ்டிரோன் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிப் போடுவதைவிட இது பல நேரம் நன்றாக வேலை செய்கிறது. கேட்கக் கூச்சப்பட்டே பலர் இழக்கிறார்கள்.

ஹார்மோனே வேண்டாம். உணவில், மூலிகையில் சரிசெய்ய முடியாதா?

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் சிலருக்குச் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும். உளுந்தங்களி, எள்ளுருண்டை, கேழ்வரகு எல்லாம் நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். ஆனால் எஸ்ட்ரோஜன் குறைவை அவை ஈடுகட்டாது. மாதத்தின் முதல் பாதியில் ஆளிவிதை, மறுபாதியில் எள் என்று மாற்றிச் சாப்பிடும் முறைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெயர் போடாத பொடிகளில் ஸ்டீராய்டோ கன உலோகமோ கலந்திருக்கும் அபாயம் உண்டு.

ஹார்மோன் எடுக்கக் கூடாதவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன: வென்லாஃபாக்சின் 37.5 முதல் 75 மி.கி., ராத்திரி வியர்வைக்கு காபாபென்டின் 300 மி.கி. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்சிட்டின், ஃப்ளூஆக்சிட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகளை எடுக்கக் கூடாது. டமாக்சிஃபெனின் வேலையை அவை கெடுக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி எலும்புக்கு வேண்டும். நடை மட்டும் போதாது.

எத்தனை வருடம் எடுக்கலாம்? எப்படி நிறுத்துவது?

ஐந்து வருடம்தான் என்று ஒரு கணக்கு கிடையாது. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில் உடல்சூடு தொடர்ந்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 வருடம். வருடத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், எடை, மார்பகப் பரிசோதனை பார்த்து, இன்னும் தேவையா என்று பேசி முடிவெடுப்பதுதான் முறை. சுழற்சி முறையில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தம் வந்துகொண்டே இருப்பதால் சொந்த மாதவிடாய் எப்போது நின்றது என்று தெரியாது. பொதுவாக 54 வயதை ஒட்டி, அல்லது சுழற்சி முறையில் ஐந்து வருடம் ஆனதும், தொடர் முறைக்கு மாற்றுவார்கள்.

நிறுத்தும்போது இரண்டு பம்ப் போடுகிறவர் ஒன்றாக்கி இரண்டு மூன்று மாதம் பார்த்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கர்ப்பப்பை இருந்தால் ஜெல் ஓயும்வரை கேப்ஸ்யூலும் தொடரவேண்டும். சூடு திரும்பினால் பழைய அளவுக்குப் போகலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை. மார்ச், ஏப்ரலில் மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள். வெயிலில் வியர்க்கிறதா ஹார்மோனில் வியர்க்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷன் இருந்தால் எஸ்ட்ரோஜன் மாத்திரையை நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மயக்க மருந்து டாக்டரிடம் ஜெல்லையும் மறக்காமல் சொல்லுங்கள், தடவுவதை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.